செங்கல் மாதிரி ஒரு டேப்

கடைசிப் படகு போய்விட்டதால், கனடாவிலிருந்து வந்த அனோஜனும் மனைவி பவதாரணியும் நெடுந்தீவில் முன்பின் தெரியாத யூலியட்டின் வீட்டில் தங்கினார்கள். யூலியட்டின் இளைய மகள் படித்துவிட்டு மேசையில் வைத்துப்போன டேப்லெட் கணினியைப் பார்த்ததும் அனோஜன் சிரித்தான்.

"என்னக்கா, இன்னும் இதையோ வைச்சிருக்கிறியள்? செங்கல் மாதிரித் தடிச்ச மொத்தம். ஒருத்தரும் விரும்பி வாங்காத சாமான்."

யூலியட்டுக்குச் சுருக்கென்றது.

"மொத்தமெண்டால் என்ன தம்பி? மெல்லிசான டேப்பெல்லாம் பசை போட்டு ஒட்டினது. பற்றறி செத்தால் எறியத்தான் வேணும். இதுக்குப் பின்னால திருகாணி பூட்டியிருக்கு. நானே கழட்டி ரெண்டு தரம் பற்றறி மாத்தினனான். மூத்தவள் இதில படிச்சுத்தான் கம்பஸுக்குப் போனவள். இப்ப சின்னவள் படிக்கிறாள். செய்த மனுசன் ஆரோ தெரியாது, நல்லா இருக்கோணும் எண்டு மாதாவிட்ட மன்றாடுறனான்."

அனோஜன் டேப்பைக் கையில் எடுத்து அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

பவதாரணிதான் மெதுவாகச் சொன்னாள்.

"இதை டிசைன் பண்ணினவரே இவர்தான், அக்கா. ஆணிதான் பூட்டவேணும் எண்டு ஒற்றைக்காலில நிண்டவர். விலைப்படேல்லை எண்டு கொம்பனி இவரை வேலையால நிப்பாட்டிப்போட்டுது."

யூலியட் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, ஓடி வா! உன்ர டேப்பைச் செய்த மாமா எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறார்!"