ஒட்டிக்கொண்ட அட்டைகள்

ஒரு நல்ல பெயருக்கு அன்று விலை இரண்டு பைசா. பெங்களூரில் கம்ப்யூட்டர் துளை அட்டைகளைத் தின்ற காலம்; அட்டை ஒன்று அந்த விலைதான்.

அப்படி ஓர் அட்டையில் மௌரீன் பிசகிவிட்டாள் என்று இயந்திரம் மறுபடியும் நின்று சொன்னது. சிவப்பு விளக்கு. அச்சாகி வந்த தாளில் அதே இடம், அதே குப்பை எழுத்துகள்.

அந்த அட்டைக் கட்டு, மனிதர் எழுதும் கணக்கை இயந்திரத்துக்குப் புரிகிற பாஷையில் மாற்றித் தரும் கம்பைலர் என்ற புரோகிராம். அமெரிக்காவிலிருந்து வந்த மூலத்தைப் பார்த்து, வரிக்கு ஓர் அட்டையாக மௌரீன் துளையிட்டது. அத்தனை அட்டைகளும் பிசகாமல் உள்ளே போனால்தான் கம்பைலர் பிறக்கும்.

“மூணு மணிக்கு டெல்லி ஆபீசருங்க இதைப் பார்க்க வந்துடுவாங்க, மிஸ் மௌரீன்,” என்றார் பிரிவுத் தலைவர் சேஷகிரி. “இந்த ரெட் லைட்டையே காட்டி அவங்களுக்கு ஆரத்தி எடுத்துடலாமா?”

குரல் உயரவில்லை. அவர் குரல் உயராத நாட்களில்தான் ஆட்கள் வேலை இழந்திருக்கிறார்கள்.

மௌரீன் டெம்பரவரி. அவளைப் பர்மனென்ட் ஆக்கும் ஃபைல் அவர் மேஜையில் கிடந்தது. லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. கோலார் சுரங்கத்தில் உழைத்த அப்பா. பூமியிலிருந்து தங்கத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, தூசியை அவர் நெஞ்சில் வாங்கிக்கொண்டார்.

அவள் அட்டைத் தட்டின் முன் குனிந்து, அந்த இடத்தைப் பிரித்தாள்.

ஓர் அட்டை தடிமனாக இருந்தது. நகத்தால் நெம்பினாள். ஒன்றில்லை, இரண்டு. ஒட்டிக்கொண்டே உள்ளே போயிருக்கின்றன. ஒன்றின் துளையை மற்றொன்று மறைத்திருக்கிறது.

இடது மூலையில் காய்ந்த மஞ்சள்.

அவள் முகர்ந்து பார்த்தாள்; பூஜை மஞ்சள்தான்.

முந்தாநாள் ஆயுத பூஜை. மெஷின் ரூம் வாசலைத் தாண்டி மஞ்சள், குங்குமம், கற்பூரம் எதுவும் வரக்கூடாதென்று சேஷகிரி நோட்டீஸே ஒட்டியிருந்தார். “எலக்ட்ரானுக்குச் சாமி கிடையாது. போய் சைக்கிளுக்குப் பொட்டு வைங்க,” என்று ஏளனம் வேறு. அப்படியே தாழ்வாரத்தில் சைக்கிளுக்கும் துடைப்பத்துக்கும் பொட்டு வைத்து, பொரி தின்று கலைந்தார்கள்.

யாரோ வாசலைத் தாண்டியிருக்கிறார்கள். கண்ணில் படாமலிருக்க அட்டைக் கட்டின் நடுவில் பிரித்து மஞ்சள் வைத்திருக்கிறார்கள்.

மௌரீன் மாதா கோவிலுக்குப் போகிறவள். அவளை விட்டால் அந்த அட்டைகளைத் தொடுகிறவள், பக்கத்து மேஜையில் துளைகளைச் சரிபார்க்கும் சுப்புலக்ஷ்மி. பென்சில் சீவியைக்கூட விடாமல் பொட்டு வைக்கிறவள். அவளும் டெம்பரவரி.

அட்டைகளைக் காட்டினால் மௌரீன் பிழைப்பாள். சுப்புலக்ஷ்மி சாயங்காலமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டையும் கவுன் பைக்குள் போட்டாள். புதிதாக இரண்டு துளையிட்டு அதே இடத்தில் செருகினாள்.

“ஒரு கார்டுல பிசகிட்டேன் சார். என் தப்புதான்.”

இயந்திரம் கட்டு முழுவதையும் விழுங்கியது. சிவப்பு எரியவில்லை. கம்பைலர் பிறந்துவிட்டது.

சேஷகிரி சிரிக்கவில்லை. “அதையே எழுதிக் கொடுங்க. கையெழுத்தோட.”

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் எழுதினாள்.

சுப்புலக்ஷ்மி பக்கத்தில் குனிந்தாள். “ஏய் மோரி, பைத்தியமாடி நீ? நான் செக் பண்ணப்ப எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு!”

மௌரீன் பையை லேசாக விரித்துக் காட்டினாள்.

“ஐயோ, சத்தியமா நான் இல்லடி! அன்னைக்கு நான் தூரம். பொரியையே எட்டி நின்னுதான் வாங்கினேன். அதுவும் மூலையில மஞ்சளா? அது கடைக்காரங்க புதுக் கணக்கு நோட்டுக்கு வைக்கிறதுடி. எங்க வீட்டுல பொட்டுதான்.”

மௌரீனின் பேனா நின்றது.

கண்ணாடிக்கு அப்பால் சேஷகிரி அட்டைத் தட்டின் அருகே தனியாக நின்றிருந்தார். தாளைப் பார்க்காமலே அதே இடத்தைப் பிரித்தார். அட்டையின் துளைகளைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அதன் இடது மூலையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அடுத்த அட்டையின் மூலையை.

மூலையைப் பற்றி மௌரீன் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அவர் நிமிர்ந்தார். அவள் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சிக்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகன், விஞ்ஞானி, முகத்தில் ரத்தமே இல்லை.

சுப்புலக்ஷ்மி மெதுவாக நகர்ந்து தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

சேஷகிரி வந்து மௌரீனுக்கு எதிரே நின்றார். “பழைய கார்டு ரெண்டும் எங்க?”

ஒன்று என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

ஓடிவிடலாம் போலிருந்தது. குரல் மட்டும், யாருடையதோ போல, நிதானமாக வந்தது.

“பத்திரமா இருக்கு சார்.”

அவர் கையை நீட்டவில்லை. அவளும் பைக்குள் கை விடவில்லை. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அவள் எழுதிய கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தாள். நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மேஜைக்குப் போய் அவள் ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மை உலர ஊதவும் செய்தார்.

அவர் பையில் ஒரு கடிதம், இவள் பையில் இரண்டு அட்டை. கொடுக்கல் வாங்கல் அத்துடன் நேர். பயம் மட்டும் இரண்டு பக்கமும் பாக்கி நின்றது.