இருநூறு அடி

"இருநூறு அடி. ஓடுபாதை தெரியுதா?"

"தெரியல சார். மேல ஏத்தறேன்."

அவள் விசைப்பிடியை முன்னால் தள்ளினாள். தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மூக்கை நிமிர்த்தியது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. பஞ்சு மூட்டைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. இருநூறு அடிக்கு வந்தும் ஓடுபாதை தெரியாவிட்டால், இறங்காமல் மேலே ஏறிவிட வேண்டும் என்பது விதி.

பக்கத்து இருக்கையில் இருந்த தேர்வாளர் குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கினார். சரியா தப்பா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எப்போதும் இஞ்சி தின்றது மாதிரியே இருப்பார். விமானிகள் தங்களுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'இஞ்சி'தான்.

மூடுபனியிலும் மேகத்திலும் வெறும் கருவிகளை நம்பி விமானம் ஓட்டுகிறவர்கள், கையில் அந்தப் பழக்கம் விடாமல் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஆறு முறையாவது கருவிகளைப் பார்த்தே இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பிரசவ விடுப்பில் அவளுக்கு அது விட்டுப்போய் வெகுநாளாகிவிட்டது. அதனால் மறுபடியும் தேர்வு. இன்று இவர் சரி என்றால் ஆம்புலன்ஸ் விமானத்தில் பழைய வேலை. இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருந்தார்.

"திரும்ப வாங்க," என்றார் அவர். "இந்தத் தடவை பின்னாடி ஒரு நோயாளி. ஏழு வயசுப் பொண்ணு. மாடிப்படியில உருண்டு தலையில அடி."

அவளுக்குச் சுருக்கென்றது.

"சார், நோயாளி யாரு, எப்படி இருக்காங்கன்னு விமானிகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுதானே விதி? அதுக்குத்தானே எங்களுக்குப் பின்னாடி திரைச்சீலையே போட்டிருக்கு?"

"விதி எனக்கும் தெரியும். ஓட்டுங்க."

ஓட்டினாள். நோயாளியின் மேல் இரக்கம் வந்தால், இறங்கக் கூடாத இடத்திலும் கை தானாக இறக்கப் பார்க்கும். அதற்காக ஏற்பட்ட விதி அது. அதை எதற்கு இந்த மனிதர் காற்றில் பறக்கவிடுகிறார்?

"முன்னூறு அடி," என்றார் அவர். "நர்ஸ் கத்தறாங்க. நாடி குறையுது. இருநூறு."

"தெரியல. மேல ஏத்தறேன்."

தண்ணீர் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை.

"மறுபடியும் வாங்க. பொண்ணுக்கு ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் இருக்கு. மஞ்சள் சாக்ஸ். அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

வீட்டில் கணவனிடம் விட்டுவந்த கைக்குழந்தை அவள் கண்முன் வந்தது. அடப் பாவி மனுஷா, பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது என்று உள்ளுக்குள் கொதித்தாள். கண்களை மட்டும் கருவிகளைவிட்டு எடுக்கவில்லை.

"இங்க இறங்கினா பக்கத்துலயே ஆஸ்பத்திரி. மாற்று விமான நிலையத்துக்குப் போனா முக்கால் மணி நேரம்," என்றார். "இன்னும் ஒரு அம்பது அடி இறங்கித்தான் பாருங்களேன். யாரு கேட்கப்போறா?"

உயரம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது.

"இருநூறு."

வெளியே அதே வெள்ளை. ஒரு விளக்காவது தெரியாதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை.

"தெரியல சார். மேல ஏத்தறேன். மாற்று நிலையத்துக்குப் போறேன்."

சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. பெட்டி அசைவதை நிறுத்தியது. அவர்தான் நிறுத்தியிருந்தார்.

"பொண்ணு நிலைமை தெரிஞ்சும் ஏன் இறங்கல?"

"தெரிஞ்சுக்கிட்டா மூடுபனி விலகிடுமா சார்?" அவள் வெடித்தாள். "கண்ணு தெரியாம இறங்கினா, அந்தப் பொண்ணுக்கு இருக்கற கொஞ்சநஞ்ச உயிரையும் நாமளே எடுத்த மாதிரி ஆயிடும். பெத்தவங்களே ஓட்டினாலும் திரும்பித்தான் ஆகணும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"கடைசியா சொன்னதை."

"பெத்தவங்களே ஓட்டினாலும் திரும்பித்தான் ஆகணும்."

அவர் வெகுநேரம் அடக்கிவைத்திருந்ததுபோல் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, "பாஸ். நாளைக்கே வேலையில சேர்ந்துக்கலாம்," என்றார்.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"வேலை போனா போகட்டும், கேட்டுடறேன் சார். இல்லாத கதையைக் கட்டி இப்படி ஆளை வதைக்கறது எந்த விதியில இருக்கு?"

"கதை இல்லம்மா."

காலையிலிருந்து அவர் அவளை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எழுந்துபோய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்.

"அன்னைக்கு எல்லாம் விதிப்படிதான் நடந்துச்சு. பின்கதவு வழியா ஸ்ட்ரெச்சரை ஏத்தினாங்க. திரைச்சீலையை இழுத்துவிட்டாங்க. விமானிகிட்ட யாரும் மூச்சு விடல. இருநூறு அடியில அவனும் திரும்பிட்டான். மாற்று நிலையத்துல இறங்கறதுக்குள்ள பொண்ணு போயிடுச்சு."

அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை.

"அந்த விமானி இப்பவும் ஓட்டறாரா சார்?"

"இல்ல. ஸ்ட்ரெச்சரை இறக்க ஒரு கை குடுக்கலாம்னு பின்னாடி போனான். மஞ்சள் சாக்ஸைப் பார்த்தான். அதுக்கப்புறம் ஓட்டல."

கடைசி விளக்கின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு சற்று நின்றார்.

"அன்னைக்குக் காலையில எவ்வளவு தேடியும் அதோட ஜோடி கிடைக்கல. கிடைச்ச ஒண்ணை மட்டும் அவ கால்ல போட்டுவிட்டுட்டு வேலைக்குக் கிளம்பினது நான்தான்."