மக்கர் பண்ணாத பெட்டி

சாக்கு விரிப்பின் மேல் இரண்டு கியர் பெட்டிகள் கிடந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டுமே ஆட்டோமேட்டிக்.

வாங்கிவந்தவர் ஜெயினுலாப்தீன்தான். காயல்பட்டணத்துக்காரரைக் காயலான் கடையில் ஏமாற்ற முடியுமா? குர்லா முழுக்க ஏறி இறங்கி, பேரம் பேசித் தொண்டை வற்றி, கைவண்டியில் ஏற்றித் தன் செம்பூர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். இப்போது ஏன் வாங்கினோம் என்று இருந்தது.

எதிரே ஸ்டூலில் அனந்தகிருஷ்ணன், டிராம்பே எண்ணெய் ஆலையில் ஆபீசர். அவருடைய கார் வெளியே வெயிலில் நின்றது. எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டி, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போனது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் சீறும்.

வார நாளில் அதில்தான் ஆபீசுக்குப் போவார். ஞாயிறு விடிந்தால் காலி ரோட்டில் விரட்டிப் பழகுவார். அடுத்த மாதம் ஜூஹு விமானத் திடலில் பந்தயம். போன இரண்டு வருஷமும் தோற்றாயிற்று. இந்தத் தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

பழகி என்ன பிரயோஜனம்? கிளட்சை எரித்துவிடுவார். ஞாயிறு மத்தியானம் ஆயிற்றா, டாக்சிக்குப் பின்னால் கயிறு கட்டி அந்தக் கார் வந்து சேரும்.

இவ்வளவு படித்த மனுசன், கிளட்சு மேலேயே காலை வைத்து ஓட்டினால் அதுதான் என்ன செய்யும், பாவம்! ஜெயினுலாப்தீன் வாராவாரம் திட்டுவார். ஆபீசர் வாராவாரம் தலையைக் குனிந்துகொள்வார்.

கிளட்சே இல்லாமல் பண்ணிவிட்டால் தொல்லை விட்டது, தானே மாறுகிற கியரைப் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவரும் ஜெயினுலாப்தீன்தான். சனியனை விலை கொடுத்து வாங்குவதென்றால் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் வேறு ஆள் கிடையாது. மற்ற நாளில் மட்டும் என்ன வாழ்ந்தது? வருகிறவன் வண்டியைப் பற்றிப் பேசுவான், போவான்.

மனைவி ரஷீதா மௌத்தாகி, அடக்கம் பண்ணி மூன்று வருஷம். அதற்கப்புறம் "இன்னிக்கு என்ன மீன் பாய்?" என்று அவரைக் கேட்கிற ஒரே ஜீவன், மீன் வாடைக்கே மூக்கைப் பொத்துகிற இந்த ஐயர்தான். கேட்டதோடு விடுவாரா? புளி எவ்வளவு, மாங்காய் போட்டீரா என்று விசாரணை வேறு.

அந்த விசாரணைக்காகவே ஜெயினுலாப்தீன் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவார்.

"எதைப் போடலாம், நீரே சொல்லும்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

சொல்ல என்ன இருக்கிறது? சின்னப் பெட்டி ஆறு சிலிண்டர் வண்டிக்குச் செய்தது. இந்த எஞ்சின் இழுக்கிற இழுப்புக்கு அதில் எண்ணெய் கொதிக்கும், உள்ளே தகடு தேயும், ஓயாமல் கழற்றி மாட்ட வேண்டும்.

பெரியது இந்த மாதிரி எஞ்சினுக்கென்றே வார்த்தது. ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். பந்தயத்தில் எத்தனை மிதித்தாலும் தாங்கும். ஒரு தரம் மாட்டினால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பத்து வருஷம்! அப்புறம் ஞாயிற்றுக்கிழமை யாருக்காக மீன் வாங்குவது?

சின்னதுதான் நல்லது என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை, மனிதர் நம்பிவிடுவார். அல்லாஹ் மன்னிப்பானோ மாட்டானோ, ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்.

அவருக்கென்ன, மாட்டுங்காவில் வீடு. ஜெயினுலாப்தீன் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆபீசர் வீடு நிறைந்துதான் இருக்கும். இங்கேதான் பேச நாதியில்லை.

ஆனாலும் ஜூஹுவில் தோற்று வந்த அந்த முகத்தை இரண்டு தடவை பார்த்தவர் ஆயிற்றே. வாய் பொய்க்கு வளையவில்லை.

"பெருசைப் போடுங்க சார். ஜூஹுல ஒரு பய உங்கள முந்த முடியாது. அதுக்கப்புறம் இந்தக் கடைப்பக்கமே உங்களுக்குச் சோலி கெடையாது."

சொல்லி முடித்ததும் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்பானரைத் திரும்பத் துடைத்தார்.

ஜெயித்த மாதிரியே துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தால், மனிதர் மெல்ல எழுந்து வந்து சாக்கின் பக்கத்தில் குந்தினார். பெரிய பெட்டியை விரலால் தட்டினார். பிறகு சின்னதின் மேல் கையை வைத்தார்.

"இது எப்படி?"

"அது வேண்டாம் சார். சும்மா சும்மா மக்கர் பண்ணும்."

"வாராவாரம் இங்க வரவேண்டியிருக்குமோ?"

"இருக்கும் சார். தொந்தரவு."

அனந்தகிருஷ்ணன் கையை எடுக்கவில்லை. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதையே மாட்டும் ஓய். ஜூஹுல எவனோ ஜெயிச்சுட்டுப் போறான்."