முழங்கால் மார்க்

மூன்றாவது தலையும் வெள்ளைத்துரைக்குப் பிடிக்கவில்லை. உச்சி மயிரைப் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் வீசினார்.

பேச்சியம்மாள் ஓடிப்போய் எடுத்துத் தூசி தட்டினாள். நாடகக்காரர்களுக்கு டோப்பாவும் பெண்களுக்குச் சவுரியும் கட்டித் தருகிறவள் அவள். சாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே மூட்டையோடு வந்துவிட்டாள்.

"என்ன சரக்கு இது? முதல்ல குடுத்தது ராஜபார்ட்டுக்காரன் தலை. அடுத்தது தென்னந்தும்பு. இதப் போட்டுக்கிட்டு வெளிய போனா தெருநாய் கூடக் குலைக்கும்."

"அது கோயில்ல மொட்டை எடுத்த முடி மொதலாளி. கொஞ்சம் முரடாத்தான் இருக்கும்."

"ஒன்னயப் போய்க் கூட்டியாரச் சொன்னேன் பாரு, என்னயச் சொல்லணும்."

வெள்ளைத்துரையின் 'முழங்கால் மார்க் கூந்தல் தைலம்' விருதுநகரில் பிறந்து, மூன்றே வருஷத்தில் தெற்குச் சீமை முழுக்கப் பரவியிருந்தது. லேபிளில் ஒருத்தி முழங்கால் வரை கூந்தலோடு நிற்பாள். சிவகாசி அச்சாபீசில் கறுப்பு மை மிஞ்சிப்போன மாதம், அது கணுக்கால் வரைக்கும் இறங்கியதுண்டு.

இன்று கொழும்பு வியாபாரி சுந்தரபாண்டி வருகிறார். இலங்கை முழுவதற்கும் ஏஜென்சி எடுப்பதாகப் பேச்சு. ஆனால் முதலாளியின் உச்சியில் மிஞ்சியிருந்த முடியை இந்தப் பக்கம் சீவினால் அந்தப் பக்கம் வெளுத்தது. அந்தத் தலையைப் பார்த்துவிட்டு எவன் கையெழுத்துப் போடுவான்?

நம் தைலத்தையே தேய்த்துப் பார்க்கலாமே என்று கணக்குப்பிள்ளை ஒரு தரம் சொன்னார். அவர் இப்போது வேறு கடையில் இருக்கிறார்.

"அதை நம்ம தலையிலயா தேய்க்கிறது? வாங்குற கழுதைகளுக்கு மணம் இருந்தாப் போதும்" என்பது வெள்ளைத்துரையின் கொள்கை. அவர் தேய்ப்பது செக்கு நல்லெண்ணெய்.

பேச்சியம்மாள் மூட்டைக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். "இது ஒங்களுக்குன்னே கட்டுனது மொதலாளி. காசு வேண்டாம். மூணு வருசமா எங்க வீட்ல அடுப்பு எரியுறதே ஒங்க புண்ணியத்துலதான்."

அவளுக்கு ஒரு நயா பைசா கொடுத்ததாக அவருக்கு நினைவில்லை. இருந்தாலும், நம்மைப் போன்றவர்களைக் கண்டால் ஏழைபாழை கும்பிடுவது இயற்கைதானே என்று விட்டுவிட்டார்.

டோப்பா பட்டு மாதிரி இருந்தது. முகர்ந்து பார்த்தார். மரிக்கொழுந்து மணம்.

"நம்ம தைலமுல்ல இது!"

"ஆமா மொதலாளி. அம்புட்டும் ஒங்க தைலம் தேய்ச்ச குடும்பப் பொம்பளைக முடி. சீயக்காய் போட்டு அலசியும் மணம் போக மாட்டேங்குது."

மேஜையில் விரித்த துணியில், டோப்பா கட்டியது போக மிஞ்சிய ஒரு கற்றை கிடந்தது. அதன் முனையில் கடுகிலும் சிறிதாய் வெள்ளைப் புள்ளிகள். வெள்ளைத்துரை முகத்தைச் சுளித்தார். "ச்சீ! என்ன இது, ஈரா?"

"ஈர் இல்ல மொதலாளி. வேரு."

"வேரா? பாத்தியா, ஊட்டம் அதுவரைக்கும் பாஞ்சிருக்கு!" என்று டோப்பாவை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். இருபது வயது இறங்கியிருந்தது. "இம்புட்டு நல்ல முடிய ரெண்டு ஊசிக்கும் ஒரு பாசிமணிக்கும் ஒங்கிட்டக் குடுத்திருக்காளுக பாரு, கூறுகெட்டவளுக."

பேச்சியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் ஜட்கா வந்து நின்றது.

"வாயத் தொறக்காம ஓரமா நில்லு."

சுந்தரபாண்டி உள்ளே வந்தார். வணக்கம் சொன்ன கையோடு அவர் கண் போனது, மேஜையில் கிடந்த கற்றையின் மேல். "இது என்ன அண்ணாச்சி?"

வெள்ளைத்துரைக்கு எப்போதும் பொய் முன்னால் வந்து நிற்கும். "நம்ம வாடிக்கைக்காரங்க முடி. சாம்பிளுக்கு வச்சிருக்கோம். வெறும் பேச்சு நமக்குப் பிடிக்காது பாருங்க. இந்தா நிக்கிறாளே, இவதான் வீடு வீடாப் போயி வாங்கியாந்தவ."

சுந்தரபாண்டி தைலப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்; கற்றையை முகர்ந்தார். அதே மணம். கற்றையை விரித்துப் பிடித்தார். அவர் இடுப்புக்குக் கீழே தொங்கியது. பிறகு வெள்ளைத்துரையின் தலையைப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்கும் இதே தைலந்தானா?"

"பின்ன? வேற எதையும் இந்தத் தலை தொட்டதில்ல."

சுந்தரபாண்டி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடக் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்து பேச்சியம்மாளைப் பார்த்தார்.

"ஏம்மா, இம்புட்டு நீள முடிய வெட்டிக் குடுக்க அந்தப் பொம்பளைகளுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

பேச்சியம்மாள் முதலாளி இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நன்றி ததும்பச் சொன்னாள்:

"யாரும் வெட்டித் தரலய்யா, எல்லாம் சீப்போட வந்தது."