டிராம்போன் வரிசையில் பன்னிரண்டு பேர்

சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால், மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் பேண்டுக்காரர்களின் தொப்பியில் வெள்ளை இறகைச் செருகிவிடுவது என் வேலை. தன் இறகைத் தானே யாரும் செருகிக்கொள்வதில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு வழக்கம்.

அன்று பன்னிரண்டு பேர் கொண்ட டிராம்போன் ஊதுகுழல் வரிசையில் டேரல் இல்லை. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். நான்கு வருடமாக மாற்று ஆளாகவே காத்திருந்த கோரினுக்கு அவன் இடம் கிடைத்தது. படிப்பு முடியப்போவதால் அதுதான் அவளுக்குக் கடைசி ஆட்டம். பார்ப்பதற்காக அவள் பெற்றோர் நெப்ராஸ்காவிலிருந்து காரில் வந்திருந்தார்கள்.

இறகோடு போனவள் உடனே உடுப்பு அறைக்குத் திரும்பி வந்தாள்.

"மிஸ் எட்னா, வரிசையில இடமே இல்ல."

"பயத்துல கதை விடாதடி. டேரல் நொண்டிக்கிட்டே வந்துட்டானா?"

"அவன் இல்ல. மத்த பதினோரு பேரையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். எல்லாரும் பதில் சொன்னாங்க. ஆனா எண்ணினா பன்னெண்டு பேர் நிக்கறாங்க."

"போய் இடிச்சுக்கிட்டு நில்லு, போ!"

அதற்குள் முரசு முழங்கி அணிவகுப்பு கிளம்பிவிட்டது. அவள் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள். ஆட்டம் முடியும்வரை நானும் பக்கத்திலேயே இருந்தேன்.

பிறகு அவள் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பேசிக்கிட்டு இருக்கும்போதே எங்கடி ஓடி வந்துட்ட? நாலாவது ஆளா எவ்ளோ அழகா நடந்த! அப்பா அழுதே தீர்த்துட்டாரு."

அம்மா கோரினின் கைகளை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்பாடா, இப்பதான் சூடா இருக்கு. மைதானத்துல பிடிச்சப்ப ஐஸ்கட்டியா இருந்துச்சு."