தேனிலவு ஜோடி

மெக்சிகோவின் துலூம் கடற்கரை ஹோட்டலில் சர்வராக இருந்த ஃபிடென்சியோ, இளநீர்த் தட்டைக் கையில் ஏந்தியபடி அந்த ஜோடியையே முறைத்துக்கொண்டிருந்தான். கயிற்று ஊஞ்சலில் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் இப்போது கடலில் இறங்கியிருந்தார்கள். நீச்சல் கண்ணாடியை மாட்டிவிடுகிற சாக்கில் அந்த இளைஞன் அவளுடைய கூந்தலைக் கோதிவிட்டான்.

"முடியை எதுக்குடா தொடுறான்?" என்று பல்லைக் கடித்தான் ஃபிடென்சியோ.

"அவன் பொண்டாட்டி, அவன் தொடுறான். உனக்கு ஏன்டா வயிறு எரியுது?" என்று சிரித்தான், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நசாரியோ. "தேனிலவுக்கு வந்த பொண்ணை இப்படிப் பாத்தேன்னா மேனேஜர் உன் சீட்டைக் கிழிச்சிடுவாரு!"

ஜோடி கரையேறியது. பாறைமேல் தெரிந்த மாயன் கோயிலைக் காட்டி அவன் ஏதோ சொல்ல, அவள் அவன் தோளில் சாய்ந்தாள்.

ஃபிடென்சியோவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் இருவருக்கும் நடுவில் தட்டை நீட்டினான். நிமிர்ந்து பார்த்தவளின் முகம் மலர்ந்துவிட்டது.

"நிறுத்து, நிறுத்து!" என்று தென்னை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒருவர் கேமராவோடு ஓடிவந்தார். ஹோட்டலின் விளம்பரத்துக்குப் படம் எடுப்பவர் அவர்.

"ஏம்மா ஒராலியா, காலையிலேர்ந்து இதே தொல்லையாப் போச்சு! நடிக்கத்தானே கூட்டிட்டு வந்தோம்? சர்வரைப் பாத்துச் சிரிக்காதே, உன் புருஷனைப் பாத்துச் சிரி!"

ஒராலியா ஃபிடென்சியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புருஷனைப் பாத்துத்தான் சார் சிரிக்கிறேன்!"