பூட்டாத புது வீடு

ஓர் அலுவலகக் கணினி. காலையில் அது விழித்ததும், தூரத்துக் கணினி ஒன்றிலிருக்கும் பொதுச் சேமிப்பறையை இதன் தொடக்கக் கோப்புதான் திறந்துவிடும். அதற்கான பாஸ்வேர்டு அந்தக் கோப்பிலேயே குடியிருந்தது.

"இங்க யார் வேணாலும் வந்து படிக்கிறாங்க. எனக்கு ஒளிஞ்சுக்க இடமே இல்ல" என்று பாஸ்வேர்டு தினமும் புலம்பியது.

ஒருநாள், கணினியைப் பராமரிக்கும் திரவியம் சார் அதை ஒரு மறைவான கோப்புக்குக் குடிமாற்றினார். தொடக்கக் கோப்பில் புது வீட்டு விலாசத்தை மட்டும் எழுதிவைத்தார்.

பாஸ்வேர்டு மெல்லக் கேட்டது: "இங்க பூட்டு இருக்கா?"

"சேமிப்பறை திறக்குதான்னு பார்த்துட்டுப் பூட்டுறேன்னாரு" என்றது மறைவுக் கோப்பு.

"திறந்துச்சா?"

"உடனே திறந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல டீ குடிக்கப் போயிட்டாரு."

வெளியே யாரோ அந்த விலாசத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.